டேபிள் டென்னிஸ் சர்வ்: முதலில் ஒரே ஒரு கட் சர்வ்

அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸ், அலுவலகத்துப் பொழுதுபோக்கு அறை, கல்லூரி விடுதி என்று டிடி மேசை எங்கே கிடந்தாலும் அங்கே போடப்படும் சர்வ் ஒரே மாதிரிதான் இருக்கும். பந்தை விரல்களால் பிடித்துக்கொண்டு, தூக்கிக்கூடப் போடாமல், பேட்டால் படாரென்று ஒரு தட்டு. எதிரே நிற்பவரும் புதியவர் என்றால் புள்ளி கிடைத்துவிடும். கொஞ்சம் பயிற்சி எடுத்த பள்ளிப் பையன் ஒருவன் எதிரே வந்தால் கதை மாறிவிடும். வேகமாக, சுழலே இல்லாமல் வரும் பந்துதான் திருப்பி அடிக்க ஆகச் சுலபமான பந்து.

11-7 என்று முடியும் ஒரு கேமில் 18 புள்ளிகள். ஆளுக்கு 2 சர்வ் என்று மாறி மாறிப் போவதால், அதில் 8 அல்லது 10 சர்வ் உங்களுடையது. கிட்டத்தட்ட பாதி ஆட்டம். அப்படியிருந்தும் சர்வுக்கென்று யாரும் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை, ஆள் கிடைத்ததும் ஆடத்தான் கை துடிக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் துணைக்கு ஆளே இல்லாமல் பழகக்கூடியது என்றால் அது சர்வ்தான்.

யூடியூபைத் திறந்தால் பெண்டுலம், ரிவர்ஸ் பெண்டுலம், டோமஹாக், ஹூக் என்று சர்வ் வகைகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் மூடி வையுங்கள். முதல் ஓரிரு மாதங்களுக்கு ஒரே ஒரு சர்வ் போதும்: பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும் பேக்ஸ்பின், அதாவது கட் சர்வ். அது கைக்கு வந்தபின், அதே கையசைவில் சுழலே இல்லாத பந்து. இந்த இரண்டையும் ஒழுங்காகப் போடத் தெரிந்தவர், அரைகுறையாக ஐந்து சர்வ் தெரிந்தவரைவிட அதிகப் புள்ளி எடுப்பார்.

பேட், பந்து, ஃபேன்

விளையாட்டுப் பொருள் கடையில் இரண்டு பேட், மூன்று பந்து சேர்த்து ஒரே உறையில் போட்டு விற்பார்களே, அதில் சுழல் வராது. அந்த ரப்பர் வழுக்கும். சோதிப்பது எளிது. பேட்டை மேசைமேல் வைத்து, பந்தை அதன்மேல் உள்ளங்கையால் லேசாக அழுத்தி, உருளவிடாமல் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ரப்பர் பந்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் நல்லது. சோப்பு போட்டதுபோல நழுவினால், எவ்வளவு பழகினாலும் பயனில்லை. மேற்பரப்பு மேடுபள்ளமின்றி வழவழப்பாக, ஆனால் வழுக்காமல், முத்துகள் (ரப்பரிலுள்ள சிறு புடைப்புகள்) உள்பக்கமாக இருக்கும் ரப்பர்தான் வேண்டும். ரப்பருக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்ச் 1.8 அல்லது 2 மி.மீ. தடிமன் இருந்தால் ஆரம்பத்துக்குச் சரியாக இருக்கும். மிக வேகமான பேட் வாங்காதீர்கள், பந்து கையில் நிற்காது.

ரப்பரில் தூசும் வியர்வையும் படிந்தால் பிடிமானம் போய்விடும். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒட்டி வையுங்கள். சென்னை போன்ற ஊரில் மே மாதப் புழுக்கத்தில் ஆட்டத்துக்கு நடுவிலேயே ரப்பர்மேல் மெல்லிய ஈரம் படியும். நேற்று வந்த சுழல் இன்று காணாமல் போனால் உங்கள் கையைச் சந்தேகப்படுமுன் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். பந்தைத் தாங்கும் கையில் வியர்த்தாலும் இதே கதிதான்.

பந்து 40 மி.மீ. விட்டம், 2.7 கிராம் எடை. போட்டிக்கு 3-ஸ்டார் என்ற உயர்தரப் பந்து வேண்டும். பயிற்சிக்கு மலிவான பயிற்சிப் பந்துகளே போதும், ஆனால் நிறைய வேண்டும். ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் மேசைக்கடியில் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தால் கால் மணி நேரத்தில் வெறுத்துவிடும். ஒரு வாளியில் முப்பது, நாற்பது பந்து போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சீலிங் ஃபேன். 2.7 கிராம் பந்தை அது இழுத்துக்கொண்டு போகும். சர்வ் பழகும்போது வியர்த்தாலும் பரவாயில்லை, அணைத்துவிடுங்கள்.

சட்டத்தை முதல் நாளே பழகுங்கள்

தவறான சர்வ் பழகிவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. விதி இதுதான். பந்து விரித்த உள்ளங்கையில், பிடிக்கப்படாமல், அசையாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய நேர்மேலே, குறைந்தது 16 செ.மீ. எழும்ப வேண்டும். நெட்டின் உயரம் 15.25 செ.மீ., ஆகவே அதைவிடச் சற்று அதிகம் என்று கண்ணில் அளவு வைத்துக்கொள்ளலாம். பந்து இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். ஆரம்பம் முதல் அடிக்கும் வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலேயும், உங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். உங்கள் உடலோ கையோ பந்தை எதிராளியின் பார்வையிலிருந்து மறைக்கக் கூடாது. பந்தைப் போட்ட கையை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். பந்து முதலில் உங்கள் பக்கத்தில் பட்டு, நெட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் பட வேண்டும். நெட்டில் உரசிக்கொண்டு சரியாக விழுந்தால் மறுபடி போடலாம்.

உள்ளங்கை விரிந்திருக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1930-களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சிலர், பந்தை மேலே போடும்போதே விரல்களால் சுண்டிச் சுழற்றி, அந்தச் சுழலோடு பேட்டின் சுழலையும் சேர்த்து சர்வ் போட்டார்கள். எதிராளியால் பந்தைத் தொடவே முடியவில்லை, ஆட்டம் சர்வோடு முடிந்துபோனது. அதனால் விரல் சுழலைத் தடை செய்தார்கள். உடலால் பந்தை மறைத்து அடிக்கும் சர்வ் தடையானது அதற்கு வெகுகாலம் கழித்து, 2002-இல்.

நடுவர் கண்டுகொள்ள மாட்டார் என்றும் இருந்துவிட முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டத்திலேயே சீனாவின் டிங் நிங் சர்வ் தவறுக்காகப் புள்ளி இழந்தார். தங்கம் எதிரே ஆடிய லீ ஷியாவ்ஷியாவுக்குப் போனது.

சுழல் எங்கிருந்து வருகிறது

பேட் பந்தை நோக்கி நேராகப் போய் மோதினால் வேகம். பந்தின் ஓரத்தைத் தொட்டபடி கடந்து போனால் சுழல். புதியவர்கள் சுழல் வரவில்லை என்றதும் பலத்தைக் கூட்டுகிறார்கள். பலம் கூடக்கூட அடி நேரடியாகி, பந்து நீளமாகப் பறக்கிறது. தீக்குச்சியை உரசுவது போன்ற வேலை இது. அழுத்தினால் குச்சி ஒடியும், பட்டும்படாமல் போனால் பற்றாது. வேகமாக, மெல்லிய தொடுதலோடு இழுக்க வேண்டும்.

சரியாக உரசுகிறோமா என்று காதே சொல்லிவிடும். ‘டொக்’ என்று மரம் பேசினால் பந்து ரப்பரையும் ஸ்பாஞ்சையும் அமுக்கிக்கொண்டு பலகை வரை போயிருக்கிறது, அது அடி. சத்தம் அடங்கி, மெல்லிய ‘சர்க்’ மட்டும் கேட்டால் உரசல். ஆரம்பத்தில் பந்து எங்கே விழுகிறது என்பதைவிட இந்தச் சத்தத்தைக் கவனியுங்கள்.

பேட்டில் எந்த இடம் படுகிறது என்பதும் முக்கியம். மணிக்கட்டைச் சுழற்றும்போது பிடியருகே பேட் மெதுவாகவும், நுனியில் வேகமாகவும் நகர்கிறது. ஆகவே நுனிப் பக்கமாக உரசினால் சுழல் அதிகம். இதை நினைவில் வையுங்கள், சுழலற்ற சர்வுக்கும் இதுவே சாவி.

பந்தில் பாதியை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். நல்ல சுழலோடு போகும் பந்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகத் தெரியும். இரண்டு நிறமும் தனித்தனியே புரள்வது கண்ணுக்குத் தெரிந்தால் சுழல் போதவில்லை.

மேசை இல்லாமல் முதல் வாரம்

வீட்டுக் கூடத்தில், வழவழப்பான தரையில் இதைச் செய்யலாம். பேட்டின் முகத்தைக் கிட்டத்தட்டக் கூரையைப் பார்க்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். பந்தைப் போட்டு, அது இடுப்பளவுக்கு இறங்கும்போது அதன் அடிவயிற்றை முன்னோக்கி உரசுங்கள். பந்து இரண்டு மூன்றடி முன்னால் போய் விழுந்து, தரையைத் தொட்டதும் தயங்கி, உங்களை நோக்கித் திரும்பி வர வேண்டும்.

காரணம் எளிது. பேக்ஸ்பின்னில் பந்தின் அடிப்பாகம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. தரையில் பட்டதும் உராய்வு அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முன்னே போகும் வேகம் குறைவாகவும் சுழல் அதிகமாகவும் இருந்தால் பந்து திரும்பி வந்தே தீரும். வரவில்லை என்றால் நீங்கள் உரசவில்லை, தள்ளியிருக்கிறீர்கள்.

முதலில் பந்து நின்றால் போதும். அடுத்து ஓரடி திரும்பட்டும். காலடி வரை உருண்டு வரத் தொடங்கியதும் மேசைக்குப் போங்கள். குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி மிகவும் பிடிக்கும், பேட்டைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.

பிடியும் நிற்கும் விதமும்

இங்கிருந்து வலக்கையர்களுக்குச் சொல்கிறேன், இடக்கையர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். மேசையின் இடது மூலைக்குப் பின்னால், உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி நில்லுங்கள். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. எடை பின்காலில் தொடங்கி, அடிக்கும்போது முன்காலுக்கு வர வேண்டும்.

ஆட்டத்தின்போது பிடிப்பது போலவே கைப்பிடியை முழுதாகப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். சர்வுக்கு மட்டும் கடைசி மூன்று விரல்களைக் கைப்பிடியிலிருந்து விடுவித்து, உள்ளங்கைப் பக்கமாக மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பலகையைப் பிடிக்கட்டும். இப்போது மணிக்கட்டை ஆட்டிப் பாருங்கள், எவ்வளவு தாராளமாகச் சுழல்கிறது என்று தெரியும். சர்வ் போட்டதும் பழைய பிடிக்கு வந்துவிட வேண்டும். இதற்கே தனியாகச் சில நாள் பழக்கம் தேவை. இல்லாவிட்டால் சர்வ் அருமையாகப் போகும், திரும்பி வரும் பந்தை மூன்று விரலும் தொங்கிக்கொண்டிருக்கும் கையால் அடிக்க வேண்டியிருக்கும்.

கை தளர்ந்திருக்க வேண்டும். தோளில் தொடங்கும் அசைவு முழங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்து, பந்தைத் தொடும் கணத்தில் விரல்கள் இறுகி, பேட் பட்டென்று வேகமெடுக்க வேண்டும். தொட்டதும் அசைவைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். கையைப் பெரிதாக வீசுவதால் சுழல் அதிகமாகாது, அடுத்த பந்துக்குத் தயாராகத்தான் தாமதமாகும்.

மேசையில்

பெரும்பாலானோர் பந்தை மார்பு உயரத்திலேயே அடித்துவிடுவார்கள். உயரத்திலிருந்து மேசையில் விழும் பந்து உயரமாகத்தான் எழும்பும், எதிராளிக்கு அது அல்வா. பந்தை நன்றாக இறங்கவிட்டு, நெட் உயரத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழாகவோ வந்தபின் தொடுங்கள். மேசை மட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது, விதி நினைவிருக்கட்டும். பந்து உங்கள் உடலுக்கு அருகில் இருப்பதும் முக்கியம். கை நீட்டி எட்டி அடித்தால் மணிக்கட்டு வேலை செய்யாது. முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கினால் இரண்டுமே எளிதாகும்.

அடுத்தது முதல் துள்ளல். சர்வின் நீளத்தைத் தீர்மானிப்பது பந்து உங்கள் பக்கத்தில் படும் இடம்தான். உங்கள் பக்க மேசையின் நீளம் 137 செ.மீ. கடைசிக் கோட்டருகே பட்டால் பந்து நீளமாகப் போகும். நெட் பக்கத்துப் பாதியில் பட்டால் குட்டையாக விழும். கட் சர்வ் பெரும்பாலும் குட்டையாக இருக்க வேண்டும். எதிராளி தொடாமல் விட்டால் அவர் பக்கத்தில் இரண்டு முறையாவது துள்ளும் அளவுக்குக் குட்டை. அப்போதுதான் அவரால் பேட்டை மேசைக்குக் கீழிருந்து வீசி, பந்து முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பின் அடிக்க முடியாது, குனிந்து மேசைக்குள் கைவிட்டாக வேண்டும்.

இதற்கு ஒரு ஏ4 தாள் போதும். அதை உங்கள் பக்கத்தில் நெட்டுக்கு அருகே உள்ள பாதியில் வைத்து, முதல் துள்ளல் அதில் படும்படி போடுங்கள். தாளில் பட்டால் சத்தம் மாறும், பார்க்கக்கூட வேண்டாம். பத்தில் ஏழு பட்ட பிறகு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தாள். உயரத்துக்கு, நெட்டின் இரு கம்பங்களுக்கு இடையே, நெட்டுக்குமேல் ஒரு சாண் உயரத்தில் நூல் கட்டி, அதற்கும் நெட்டுக்கும் நடுவே பந்தைச் செலுத்தலாம். இந்த நூல் வேலை கொஞ்சம் சலிப்பூட்டும், ஆனால் வேறெதுவும் இவ்வளவு வேகமாகப் பந்தைத் தாழ்த்துவதில்லை.

பந்து எதிர்ப்பக்கத்தில் துள்ளித் துள்ளி, வேகம் இழந்து, நெட்டை நோக்கித் திரும்பத் தொடங்கினால் சுழல் நன்றாக வந்துவிட்டது என்று அர்த்தம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற மா லின், இந்தத் திரும்பிவரும் சர்வுக்குப் பெயர் பெற்றவர். ஆட்டத்தில் அவ்வளவு தேவையில்லை. திரும்பி வரும் அளவுக்கு மெதுவாகப் போட்டால் எதிராளிக்கும் யோசிக்க நேரம் கிடைத்துவிடும். பயிற்சியில் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எது தப்பாகிறது என்று இப்படிப் பார்க்கலாம். பந்து நெட்டிலேயே விழுந்துகொண்டிருந்தால் முதல் துள்ளல் நெட்டை ஒட்டி விழுகிறது, அல்லது உரசலில் முன்னோக்கிய தள்ளல் போதவில்லை. மிதந்து உயரமாகப் போனால் தொட்ட உயரம் அதிகம், இல்லையென்றால் அடியிலிருந்து மேலே தூக்குகிறீர்கள். பேட்டின் பாதை முன்னும் கீழுமாக இருக்க வேண்டும். நீளமாக ஓடினால் பேட்டின் முகம் நிமிர்ந்திருக்கிறது, இன்னும் படுக்கவையுங்கள். பக்கவாட்டில் வளைந்தால் பந்தின் அடியைத் தொடாமல் ஓரத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அதற்கு வருத்தப்பட வேண்டாம், அது பின்னால் உதவும். செல்போனை மேசையின் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் பிடித்துப் பார்த்தால், கை செய்வதாக நாம் நினைப்பதும் உண்மையில் செய்வதும் எவ்வளவு வேறு என்று தெரியும்.

சுழலில்லாத இரட்டை

கட் சர்வை எதிராளி பழகிக்கொள்ள ஐந்து பந்து போதும். பேட்டைக் கொஞ்சம் படுக்கவைத்து, அடியில் கொடுத்துத் தள்ளிவிடுவார். பேக்ஸ்பின் பந்து பேட்டில் படும்போது அதன் முன்முகம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த உராய்வில் பந்து கீழே இறங்கப் பார்க்கும், அதனால்தான் பேட்டைத் திறக்க, அதாவது அதன் முகத்தை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டியிருக்கிறது. இப்போது அதே கையசைவில் சுழலே இல்லாத பந்தைப் போடுங்கள். கட் என்று நம்பிப் பேட்டைத் திறந்தவரின் பந்து அந்தரத்தில் எழும்பும். அடிக்க வேண்டியதுதான்.

இதைப் போட இரண்டு வழி. ஒன்று, நுனிக்குப் பதிலாகப் பிடியருகே பந்தைத் தொடுவது. கை அதே வேகத்தில் போனாலும் அங்கே பேட் மெதுவாக நகர்வதால் சுழல் ஏறாது. இன்னொன்று, உரசாமல் பந்தின் நடுவை மெல்லத் தள்ளிவிட்டு, தொட்ட பிறகு மணிக்கட்டைப் பலமாகச் சுழற்றுவது. எதிராளி பார்ப்பது அந்தப் பெரிய அசைவைத்தான். எனக்கு முதல் வழியே மேல் என்று படுகிறது. இரண்டாவதில் நடிப்பு கொஞ்சம் கூடினாலும் மாட்டிக்கொள்வோம்.

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் கட் சர்வில் உண்மையிலேயே கனமான சுழல் இருந்தால்தான் இந்த ஏமாற்று எடுபடும். இரண்டு பந்தை நெட்டில் விட்டவர்தான் மூன்றாவதற்குப் பேட்டை அதிகமாகத் திறப்பார். ஆகவே கட் வருமுன் இதற்குத் தாவாதீர்கள்.

சைட்ஸ்பின், அதாவது பக்கவாட்டுச் சுழல், இதற்கு அடுத்த கட்டம். அதே நிலை, அதே பிடி. பேட்டின் முகத்தைச் சற்று நிமிர்த்தி, பந்தின் பக்கத்தை உரசினால் பெண்டுலம் சர்வ் வந்துவிடும். உரசத் தெரிந்த கைக்கு அது சில வார வேலை.

ஆட்டத்துக்குக் கொண்டுபோகும்போது

ஒரு பயிற்சிக்கு 15, 20 நிமிடம் சர்வுக்கு ஒதுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கட்டு சோர்ந்து, உரசல் மறுபடி அடியாக மாறும். வாளியிலிருந்து பந்தை எடுத்து எடுத்து மடமடவென்று போடாதீர்கள். ஒவ்வொரு சர்வுக்கும் முன் ஒரு கணம் நின்று, எங்கே, எந்தச் சுழல் என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள். பந்து நெட்டில் போனாலும் முடிவு செய்த சர்வையே போடுங்கள்.

போட்டிகளைப் பார்க்கும்போது பந்தைத் தொடரும் கண்ணைக் கொஞ்சம் அடக்கி, சர்வ் போடுபவரின் பேட் பந்தைத் தொடும் இடத்தை மட்டும் பாருங்கள். 2006 மெல்போர்ன், 2022 பர்மிங்ஹாம் இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் ஒற்றையர் தங்கம் வென்ற சென்னைக்காரர் சரத் கமலின் ஆட்டங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. சர்வ் போட்டவுடன் அவர் கால் எங்கே போகிறது என்றும் சேர்த்துக் கவனியுங்கள்.

கட் சர்வ் போட்டால் எதிராளி பெரும்பாலும் புஷ் செய்வார், அதாவது உங்களுக்கும் ஒரு கட் பந்தையே திருப்பி அனுப்புவார். அது இடது மூலைக்கு நீளமாக வருவதுதான் வழக்கம். எனவே சர்வ் பழகும்போதே, போட்டதும் ஒரு அடி பின்வாங்கி, முழங்கால் மடக்கி, கீழிருந்து மேலாகத் தூக்கும் டாப்ஸ்பின்னுக்கு நிற்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த நிலைக்கு வாருங்கள்.

எதிராளியின் பேட்டை ஆட்டத்துக்கு முன்பே வாங்கிப் பாருங்கள், அதற்கு விதியிலேயே உரிமை உண்டு. ஒரு பக்கத்தில், இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் வைத்திருப்பது போன்ற, முத்துகள் வெளியே நீளமாக நிற்கும் ரப்பர் இருந்தால் கணக்கு தலைகீழாகும். அந்த ரப்பர் உங்கள் சுழலை உங்களுக்கே திருப்பி அனுப்பும்; நீங்கள் போட்ட கனமான கட், லேசான டாப்ஸ்பின்னாக உங்களிடமே வரும். வழக்கம்போலத் தூக்கி அடித்தால் பந்து மேசையைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பக்கத்துக்குச் சுழலற்ற சர்வையே அதிகம் போடுங்கள், கனமான கட்டை அவருடைய வழவழப்பு ரப்பர் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அவர் பேட்டைத் திருப்பிப் பிடிக்கிறாரா என்று நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.